திங்கட்கிழமைப் பேச்சு

ஜூன் 14, புதன்

வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். தங்கை வீட்டு மாடி அறை காற்றோட்டமாக இருக்கிறது. நீங்கள் சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "ம்" என்பீர்கள். நேற்று போனில் நான் ஏழு நிமிஷம் பேசினேன், நீங்கள் நாலு "ம்" சொன்னீர்கள். லைனில் இருக்கிறீர்களா என்று பார்க்க "ஹலோ" என்றேன். அதற்கும் ஒரு "ம்". இனிமேல் போன் வேண்டாம், எழுதுங்கள். வெறும் "ம்" என்று ஒரு கடிதம் எழுத முடியாது பாருங்கள், அந்த ஒரு நிம்மதிதான்.

முதலில் ஒரு விஷயம். அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நான் சொன்னது நாடகம் இல்லை.

பத்தொன்பது வருஷமாக வாரா வாரம் ஒரே கூத்துதானே. நான் விலையை ஏற்றிச் சொல்வேன், கிராக்கி பாதிக்குக் கேட்பார், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். நீங்கள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "குடுத்துடு, ஆசையா கேக்கறாரு" என்பீர்கள். நான் உங்களைத் திட்டுவேன். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு" என்பேன். "வீட்லயும் இப்படித்தான் சார் இவ" என்பீர்கள். கிராக்கி சிரித்துக்கொண்டே, நாம் காலையிலேயே பேசி வைத்திருந்த விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். எனக்கு எதிராக நீங்கள் அவர் பக்கம் நின்றதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அது நம் பிழைப்பு. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஆனால் அன்றைக்கு அந்த மஞ்சள் மேசை விளக்கைப் பேரம் பேசிய அம்மாவுக்கு முன்னால், "இந்த ஆளோட இனி ஒரு நாள்கூட என்னால இருக்க முடியாது, நான் போறேன்" என்று சொன்னேனே, அது நம் வசனத்தில் இல்லாத வரி. நீங்கள் கவனித்திருக்க வேண்டும். என்ன சொன்னீர்கள்? "போறதுன்னா போ, விளக்கைக் குடுத்துட்டுப் போ." அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரும் சிரித்தார். நான் விளக்கைக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

இனி வேலை விஷயம். சாமான்களில் பாதி என்னுடையது. தங்கையின் ஆபீஸில் ஒருத்தி பழைய சாமான்களை ஆன்லைனில் விற்கிறாளாம். அதைப் பார்த்துத் தங்கை என் போனிலும் ஒரு கடை திறந்து கொடுத்திருக்கிறாள். நீங்கள் பழுது பார்த்த பிறகு வாரம் ஒரு பெட்டி பார்சல் சர்வீஸில் போடுங்கள். கடிதத்தை அதற்குள்ளேயே வைத்துவிடலாம், தனித் தபால் செலவு மிச்சம்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டுக்காரிதான்

ஜூன் 20, செவ்வாய்

வீட்டுக்காரிக்கு,

நலம்.

பெட்டியில் இருப்பவை: அலாரம் கடிகாரம் இரண்டு, எனாமல் கூஜா ஒன்று, பிளாஸ்க் மூன்று, இஸ்திரிப் பெட்டி ஒன்று (வயர் புதிது), பச்சை டிரான்சிஸ்டர் ரேடியோ. ரேடியோவை ஆட்டாதே, உள்ளே ஒரு ஸ்க்ரூ லூஸ். எனக்கு அது கிடைக்கவில்லை.

நீ சொன்னது புது வரி என்று நினைத்தேன். நீ எப்போதாவது புதிதாக ஒன்று சேர்ப்பாய். அதனால் நானும் ஒன்று சேர்த்தேன். நன்றாக எடுபட்டது என்றும் நினைத்தேன்.

நீ டீ வாங்கப் போயிருக்கிறாய் என்றுதான் இருந்தேன். நாலு மணி வரை இருந்தேன். பிறகு சாமான்களைக் கட்டினேன்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்

ஜூன் 28, புதன்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி சாமான் பட்டியல். பரவாயில்லை, நாலு "ம்"மைவிட நீளம். அதற்காகத்தான் மேலே "அன்புள்ள" போட்டிருக்கிறேன். கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த ஆன்லைன் வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். கூவ வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம், மழை வந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஜன்னல் பக்கம் தங்கையின் வெள்ளைப் போர்வையை விரித்து, சாமானை அதன்மேல் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம். பிறகு டேப்பை வைத்து அளக்க வேண்டும். நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். சந்தையில் பிளாஸ்க்கை எடுத்து ஒரு ஆட்டு ஆட்டிக் காட்டினால் போதும், உள்ளே கண்ணாடி முழுசாக இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். இங்கே சத்தத்தை எப்படிப் போட்டோ எடுப்பது?

"விவரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கூஜாவுக்கு எழுதினேன்: "மூக்குப் பக்கம் ஒரு நசுங்கல் உண்டு. கீழே போட்டவர் யாரோ தெரியாது, நாங்கள் இல்லை. தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகாது. கையில் எடுத்துப் பார்த்தால் விடமாட்டீர்கள்." இன்னும் நிறைய இருந்தது. பாதியில் கட்டம் நிரம்பிவிட்டது. என் பேச்சுக்கும் அளவு வைத்துவிட்டார்கள்.

போணி ஆனது அலாரம் கடிகாரம். அறுநூறுக்குக் கொடுக்கலாம் என்று தொள்ளாயிரம் போட்டிருந்தேன், பேரத்துக்கு இடம் வேண்டுமே. போட்டு இரண்டு நிமிஷம் இருக்கும், போன் ஒரு தடவை கிணுகிணுத்தது. வாங்கியாயிற்று. தொள்ளாயிரத்துக்கே! குறைத்துக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஓடுமா, எத்தனை வருஷப் பழசு, ஒன்றும் இல்லை. எனக்குத் தொண்டை வரைக்கும் பதில் வந்து அப்படியே நின்றது.

மனசு கேட்கவில்லை. பேசாமல் கொடுத்தவரிடம் பேச்சுக்காகப் போட்ட முந்நூறை எப்படி வாங்கிக்கொள்வது? பார்சலுக்குள் ஒரு உறையில் முந்நூறைப் போட்டு ஒரு சீட்டும் எழுதி வைத்தேன். "நீங்கள் பேரம் பேச மறந்துவிட்டீர்கள். பேசியிருந்தால் இதுதான் விலை." தங்கை ஆபீஸிலிருந்து வந்து தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் பார்சல் போய்விட்டது.

சரியாகச் சாப்பிடுகிறீர்களா? எழுதுங்கள், பட்டியல் இல்லாமல்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 4, செவ்வாய்

வீட்டுக்காரிக்கு,

சாப்பிடுகிறேன். பட்டியல் தனித் தாளில்.

சந்தையைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். என்ன விலை என்றார். நானூறு என்றேன். இருநூறு என்றார். எனக்குப் பழக்கதோஷம், "குடுத்துடு, ஆசையா கேக்கறாரு" என்று சொல்லிவிட்டேன். அவர் எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

அப்படி அன்றைக்கு எட்டுச் சாமான் போயிற்று. எல்லாம் அடிமாட்டு விலை. பூட்டுக்காரர் வந்து, "என்னங்க, கடையைக் காலி பண்றீங்களா?" என்று கேட்டார்.

"எங்க, அம்மாவைக் காணோம்?" என்று கேட்கிறார்கள். டீ வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல்கிறேன். கண்ணாடி ஜாடி கேட்ட ஒரு பெரியவர், "அவங்க வரட்டும், அவங்ககிட்டப் பேசி வாங்கினாத்தான் வாங்கின மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் நின்றார். நானும் அவரோடு நின்றேன். பிறகு வெயில் தாங்காமல் அவர் போய்விட்டார்.

பார்சலில் பணம் வைத்தது நல்லதுதான். நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்

ஜூலை 12, புதன்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நல்லது என்றீர்களே, கேளுங்கள். அந்தக் கடிகாரத்தை வாங்கியவர் புகார் கொடுத்துவிட்டார். பார்சலுக்குள் பணம் வந்திருக்கிறது, கூடவே மர்மமாக ஒரு சீட்டு இருக்கிறது, ஏதோ மோசடி போலத் தெரிகிறது என்று. கம்பெனிக்காரர்கள் என் நடத்தை சந்தேகத்துக்கு இடமாக இருப்பதாகச் சொல்லிக் கடையைப் பத்து நாளைக்கு மூடிவிட்டார்கள். விளக்கம் சொல்லலாம் என்று அவர்கள் நம்பருக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, கடைசியில் நன்றி வணக்கம். சந்தையில் சண்டை என்றால் எதிரில் ஒரு முகம் இருக்கும். நம்மைத் திட்டுவதற்காவது ஒரு ஆள் வந்து நிற்பார்.

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் காலையில் எட்டரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வர ஏழு. அதுவரை நானும் விற்காத சாமான்களும்தான். மேசையைத் துடைக்கிறேன், பிளாஸ்க்கைத் துடைக்கிறேன். நேற்று ஒரு பிளாஸ்க்கை எடுத்து ஜன்னலைப் பார்த்து ஆட்டிக் காட்டி, "பாருங்க, கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுப் பெண் திரையை இழுத்து விட்டாள்.

யோசித்துப் பார்த்தால் இது உங்களுக்கென்றே அமைந்த வியாபாரம். வாயைத் திறக்க வேண்டாம், அளந்து, துடைத்து, கட்டி அனுப்பினால் போதும். சந்தைதான் எனக்கு. இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறோம்.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்பீர்கள் என்று ஒரு மாதமாகப் பார்த்தேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

வீட்டில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது. திங்கள் முதல் சனி வரை நீங்கள் மேசையில் குனிந்தால் நிமிர்வதில்லை. நான் பேசுவேன், நீங்கள் "ம்". நான் நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தலையைப் பின்னிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கிளம்புவேனே, வியாபாரச் சுறுசுறுப்பு என்று நினைத்திருப்பீர்கள். அன்றைக்கு நீங்கள் என்னைப் பற்றிப் பேசுவீர்கள், அதுதான் காரணம். திட்டினால்தான் என்ன? என்னைத்தானே திட்டுகிறீர்கள். "வீட்லயும் இப்படித்தான் சார் இவ" என்று நீங்கள் சொல்லும்போது உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மஞ்சள் விளக்கு விற்ற அன்றும் அதையேதான் சொன்னீர்கள். அதே வரி, அதே குரல். அன்றைக்கு மட்டும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வீட்டில் நான் எப்படி என்று இந்த மனுஷனுக்கு என்ன தெரியும் என்று தோன்றிவிட்டது. அந்த நினைப்பு வந்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இதற்கு ஒரு பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

ஜூலை 26, புதன்

வீட்டுக்காரருக்கு,

பெட்டி வந்தது. பட்டியல் இருந்தது. கடிதம் இல்லை.

வழியில் நழுவி அடியில் போயிருக்கும் என்று எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சுற்றி வைத்திருந்த பழைய பேப்பரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். கூஜாவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பிளாஸ்க் மூடியையும் திறந்து பார்த்தேன், அதற்குள் யார் கடிதம் வைப்பார்கள்?

எல்லாவற்றையும் எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறீர்கள். ஒரு கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை.

கடையைத் திறந்துவிட்டார்கள். ரேடியோ விற்றது. வாங்கியவர் நாலு நட்சத்திரம் போட்டார். ஐந்தாவது ஏன் இல்லை என்று கேட்க எனக்கு வழியில்லை.

வீட்டுக்காரி

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

போன தடவை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பட்டியலை மட்டும் வைத்துவிட்டேன். தப்புதான்.

இன்னொரு விஷயம், மற்றவர்கள் சொல்லி உனக்குத் தெரியக் கூடாது. என் கடையின் நிலையைப் பார்த்துவிட்டுப் பூட்டுக்காரர் தன் அக்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். பத்து வருஷமாகப் பக்கத்தில் இருந்து கேட்டதில் நம் வசனம் முழுக்க அவருக்கு மனப்பாடம். அந்த அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அந்த அக்கா விலை சொன்னார், முகத்தைத் தூக்கினார், "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு" என்றார். நான் "குடுத்துடு" என்றேன். பதினேழு சாமான் போயிற்று, நல்ல விலைக்கு.

அடுத்த ஞாயிறும் வந்தார். "வீட்லயும் இப்படித்தான் சார் இவ" என்ற இடம் வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. கிராக்கி காத்துக்கொண்டு நிற்கிறார், அந்த அம்மா என்னைப் பார்க்கிறார், பூட்டுக்காரர் கடையிலிருந்து அடியெடுத்துக் கொடுக்கிறார். எனக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிச் சீக்கிரமே கட்டிவிட்டேன். அந்த அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பூட்டுக்காரருக்குக் கோபம்.

நீ எழுதியதை யோசித்தேன். நீ சொன்னது சரி, இரண்டு பேரும் இடம் மாறித்தான் இருக்கிறோம். அதனால் ஒரு ஏற்பாடு. நீ வந்துவிடு. ஞாயிறு சந்தை உன்னுடையது. மற்ற ஆறு நாள் ஆன்லைனை நான் பார்த்துக்கொள்கிறேன், போட்டோ, அளவு, பார்சல் எல்லாம். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைக்குள் வந்தால் இந்த ஞாயிறே நிற்கலாம்.

வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 9, புதன்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் கிடைத்தது. நினைத்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம்.

பூட்டுக்காரரின் அக்காவை நினைத்து வயிறு எரிந்தது. பதினேழு சாமான்! நான் இருந்தபோது ஒரே நாளில் பதினேழு போனது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணலாம். பிறகு உங்களுக்கு வாய் வரவில்லை என்று படித்ததும் எரிச்சல் அடங்கிவிட்டது. அந்த வரியை மட்டும் ஐந்தாறு தடவை படித்தேன். நான் கெட்டவள்தான்.

உங்கள் ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. புத்தியுள்ள எவளும் சரி என்பாள். தங்கையும் அதைத்தான் சொல்கிறாள். ஞாயிறு எனக்கு, மற்ற ஆறு நாள் உங்களுக்கு. வியாபாரம் செழிக்கும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்காக நான் வீட்டை விட்டு வரவில்லையே. ஞாயிறு எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. நான் வந்துவிடுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறு சந்தைக்குப் போகிறோம், நீங்கள் என்னைத் திட்டுகிறீர்கள், நான் உங்களைத் திட்டுகிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். மறுநாள் விடிகிறது. நீங்கள் மேசையில் உட்காருகிறீர்கள். நான் எதிரில் இருக்கிறேன்.

திங்கட்கிழமை என்ன பேசுவீர்கள்?

அதை மட்டும் எழுதி அனுப்புங்கள். சரியாக இருந்தால் வருகிறேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு வரி போதும்.

உங்கள் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 21, திங்கள்

அன்புள்ள உனக்கு,

பதில் தாமதம். போன செவ்வாய் பெட்டியும் அனுப்பவில்லை. இரண்டு ஞாயிறாகச் சந்தைக்கும் போகவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே ஒரு தாளை எடுத்து மேலே "திங்கள்" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். முதலில் "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று எழுதினேன். வெயில் உனக்கும்தானே அடிக்கிறது. "சாப்பிட்டியா" என்று எழுதினேன். சமைத்ததே நீ. "இந்தக் கடிகாரத்துக்கு ஸ்பிரிங் போயிடுச்சு" என்று எழுதினேன். அதைக் கேட்டு நீ என்ன செய்வாய்? தாளைக் கிழித்துவிட்டேன்.

எழுத்தில் வராவிட்டால் வாயில் வரும் என்று சமையலறை வாசலில் நின்று பேசிப் பார்த்தேன். ஆள் இல்லாத வீடுதானே, வெட்கமில்லை. "என்ன பண்றே?" என்று கேட்டேன். என் காதுக்கே அது சந்தைக் குரலாகக் கேட்டது. யாரோ பின்னால் நின்று சிரிக்கப்போகிறார்கள் என்பது போல. உன்னிடம் பேச எனக்கு அந்த ஒரு குரல்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் நீ எப்படி என்று எனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கோபமாக இருந்தால் பாத்திரத்தை ரொம்ப மெதுவாக வைப்பாய். வருத்தமாக இருந்தால்தான் சத்தம் வரும். வெளியூரிலிருந்து போன் வந்தால் நின்றுகொண்டே பேசுவாய். தலைவலி என்றால் முதலில் ஜன்னலைத் திறப்பாய், பிறகு மூடுவாய், பிறகுதான் மாத்திரை. நீ எந்த அறையில் இருக்கிறாய் என்று மேசையில் குனிந்தபடியே எனக்குத் தெரியும். இதெல்லாம் பேச்சு மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குள் அது பேச்சாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உனக்குக் கேட்காது என்பது புரியவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ டைபாய்டில் படுத்திருந்தபோது என் மேசையை முன் அறையிலிருந்து இழுத்து வந்து படுக்கையறைக் கதவுக்கு எதிரில் போட்டேன். காய்ச்சலில் நீ கண்ணைத் திறந்து, "வெளிச்சத்துக்காகவா?" என்று கேட்டாய். "ம்" என்றேன். அங்கே வெளிச்சமே கிடையாது. அன்றிலிருந்து கண்ணுக்குக் கஷ்டம்தான். நீ மூச்சு விடுவது அங்கிருந்து தெரிந்தது, அதற்காகப் போட்டேன். நீ எழுந்து நடமாடிய பிறகும் மேசையைத் திருப்பிப் போடவில்லை. நீ ஏன் என்று கேட்டிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

இதை எழுத ஒரு பகல் முழுக்க ஆகியிருக்கிறது. வாயால் ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது நீ எதிரில் வந்து நின்றாலும் சொல்லமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

நீ கேட்ட நாலு வரி என்னிடம் இல்லை. வந்தால் பேசுகிறேன் என்று எழுதலாம், நீ வந்துவிடுவாய். பிறகு ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடுவேன். உன்னிடம் விலையை ஏற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை. இருப்பது இவ்வளவுதான்.

அதனால் வா என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கை துடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 30, புதன்

என் அன்புள்ள உங்களுக்கு,

கடிதத்தைத் தங்கையிடம் காட்டவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து நானே படித்தேன், படித்து அழுதேன். அழுதது வருத்தத்தில் மட்டும் இல்லை.

அந்த மேசையை எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். வழியில் போட்டு வைத்திருக்கிறாரே என்று போகும்போதும் வரும்போதும் இடித்துக்கொள்வேன். இடுப்பில் அதே இடத்தில் எத்தனை தடவை கன்றிப்போயிருக்கிறது. ஒரு நாள் கோபத்தில் நானே தள்ளிவிடப் பார்த்தேன், கனம் தாங்கவில்லை. நல்ல வேளை.

வெள்ளிக்கிழமை பையைக் கட்டிவிட்டேன். பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன். டிக்கெட் கவுன்ட்டரில் எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள். அந்த மூன்று பேர் வாங்கி முடிக்கிற நேரத்தில் யோசித்தேன்.

நான் வந்து கதவைத் தட்டுவேன். நீங்கள் திறப்பீர்கள். உங்கள் முகத்தில் சந்தோஷம் தெரியும், எனக்கும் சந்தோஷமாக இருக்கும். பையை உள்ளே வாங்கி வைப்பீர்கள். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கமாட்டீர்கள், நானே சொல்வேன். மறுநாள் நீங்கள் மேசையில் இருப்பீர்கள். இந்த மேசை ஏன் இங்கே இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் இடித்துக்கொண்டாலும் வலிக்காது. அதோடு சரி. அதற்குப் பிறகு உங்களுக்குள் ஓடுவது எனக்கு ஒரு நாளும் கேட்காது. ஒரே வீட்டில் இருக்கிற பெண்டாட்டிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். அதை மறைக்கவில்லை. காலையில் எட்டரைக்கு இந்த வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் நெஞ்சு காலியாகிவிடுகிறது. ஆனால் இருபத்து மூன்று வருஷம் கூடவே இருந்து கிடைக்காதது ஒரு கடிதத்தில் கிடைத்துவிட்டது. அதை விட்டுவிட்டுத் திரும்ப அந்த வீட்டில் வந்து உட்கார எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் வேண்டும், உங்கள் பேச்சும் வேண்டும் என்றுதான் கேட்டேன். இரண்டும் சேர்ந்து வராது என்று தெரிந்துவிட்டது.

கவுன்ட்டரில் இருந்தவர், "எந்த ஊருக்கும்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, சும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நான் வரவில்லை.

கோபத்தில் சொல்லவில்லை. ஜூன் மாதம் நான் கிளம்பியது கோபத்தில். இப்போது கோபம் ஒரு துளியும் கிடையாது.

இந்த வாரம் பெட்டி அனுப்ப வேண்டாம். விற்காதது நிறையக் கிடக்கிறது, அறையில் கால் வைக்க இடமில்லை. கடிதத்தை மட்டும் தபாலில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி